காலில்லாத பலகை

நாலாவது ஓட்டையைப் போட்டுவிட்டுத் தையல்காரர் எழுந்தார். முட்டி இரண்டும் சடசடத்தன. இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். ட்ரையல் பார்க்க வந்தவர்களின் முதுகைப் பார்ப்பதும் இப்படித்தான்.

“சரியா வந்திருக்கு,” என்றார்.

கதவருகே அவர் மனைவி நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தோளில் பை அப்படியே தொங்கியது. வெளியே காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. மூன்று நாளாக மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

“பலகைக்கு ரெண்டு ஓட்டைதானே வேணும்?”

“ஆமா.”

“நாலு இருக்கு.”

“மேல இருக்கிற ரெண்டும் ட்ரையல். ட்ரையல் பாக்காம எப்படி முடிக்கிறது?”

அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தாள். கீழே இருந்த ஓட்டைக்குள் அவள் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. அட்டைப்பெட்டியில் வந்திருந்த பிளாஸ்டிக் பிளக் ஒன்றை எடுத்து ஓட்டையின் வாயில் வைத்தாள். திருகாணி பிடிப்பதற்காக அது ஓட்டைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. உள்ளே போய் மறைந்தது. சுவருக்குள் எங்கோ கீழே ‘டொக்’ என்று விழுந்தது.

“பிளக் எங்க?” என்றார் தையல்காரர்.

“சுவரு முழுங்கிடுச்சு.”

“வேற ஒண்ணு எடு.”

“ஓட்டையைப் பெரிசாப் போட்டுட்டீங்க.”

“கொஞ்சம் விட்டுத்தான் போடணும். அளவா வெட்டிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. லூசா இருந்தா பிடிச்சுக்கலாம்.”

“சுவரைப் பிடிச்சுத் தைப்பீங்களா?”

அவர் அட்டைப்பெட்டியில் வேறு பிளக் தேடினார். இருபத்தாறு வருஷமாக எதை வெட்டினாலும் தையலுக்கு இடம் விட்டு வெட்டிப் பழகியவர். உள்பக்கம் முக்கால் அங்குலம் விட்டு வைத்தால் ஆள் பெருத்தாலும் இளைத்தாலும் சட்டை தாங்கும். அவர் தைத்தது கிழிகிறவரை பொருந்தும் என்று தெருவில் பேர். அந்தப் பேரோடுதான் சுவரிடம் போயிருந்தார். துணியில் விட்ட இடத்தை மடக்கலாம். சுவரில் விட்ட இடம் ஓட்டை.

அந்த அறை இதுவரை துணி வைக்கும் அறையாக இருந்தது. எட்டடிக்கு ஆறரை அடி. வெட்டி மிச்சமான துண்டுகள், யாரும் வாங்கிப் போகாத மூன்று கோட்டுகள், உடைந்த தையல் மெஷின் ஒன்று. எல்லாவற்றையும் இரண்டு நாளில் காலி செய்து ஒரு கட்டிலைப் போட்டாள். கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே நடக்க இரண்டரை அடி மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வருகிறார்.

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். கண் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் தனியாக இருந்தவர் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை கண்ணாடி மேஜையின் மேல். நெற்றியில் ஏழு தையல். அண்ணன் முதியோர் விடுதி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் சேர்ப்பதாகச் சொல்லி அறை பிடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தங்கைக்குப் போன் செய்தான்.

“நான் பாத்துக்கறேன்,” என்றாள் அவள்.

“எங்க வச்சு? துணி மூட்டை மேலயா?”

“ரூம் ஒழிச்சுத் தர்றேன். அவரு வீட்டோட கடை வச்சிருக்காரு. பகல்ல ஆள் இருக்கும்.”

“உன் வீட்டுக்காரரு ஊசியில நூல் கோக்கும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு.”

“அண்ணே, வந்து பாரு. பாத்துட்டுப் பேசு.”

“ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். ரூமைப் பாப்பேன். எனக்குச் சரின்னு பட்டா விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா திங்கக்கிழமை விடுதி. அப்புறம் அழக்கூடாது.”

அவள் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சிப் பிரிவில் உதவியாளர். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், பார்வை போனவர்கள். பத்தொன்பது வருஷமாக அவர்களை எழுப்பி நிற்க வைக்கிறாள். எழும்போது மனுஷனுக்குக் கால் ஞாபகம் வராது. கைதான் முதலில் போகும். திரைச்சீலை, டாக்டரின் கழுத்துப்பட்டை, அவளுடைய பின்னல், எது அகப்பட்டாலும் பிடிக்கும். போன மாதம் ஒருவர் சலைன் பாட்டில் தொங்கும் கம்பத்தைப் பிடித்து எழுந்தார். அந்தக் கம்பத்துக்கு அடியில் சக்கரம் உண்டு.

அதனால்தான் கட்டில் பக்கத்தில் மேஜை வேண்டாம், ஸ்டூல் வேண்டாம் என்றாள். தரையில் காலில் இடறுகிற எதுவும் கூடாது. ரேடியோ, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா மூன்றும் எப்போதும் ஒரே இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குச் சுவரில் பதிக்கும் காலில்லாத பலகைதான் சரி. முதலில் ஒரு இரும்புப் பட்டையைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். பட்டையிலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை அவற்றில் செருகினால் பட்டை மறைந்துவிடும். கீழே முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல், சுவரிலிருந்து முளைத்ததுபோலப் பலகை நிற்கும்.

“ஆள் கூப்பிட்டுடலாம்,” என்று வாங்கி வந்த அன்றே சொன்னாள்.

“ஒரு பலகைக்கு ஆளா?”

“அப்பா அதைப் பிடிச்சு எழுந்திருப்பாரு. கனம் தாங்கணும்.”

“பலகையை எதுக்குப் பிடிக்கணும்? அது ரேடியோ வைக்க.”

“அது உங்களுக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியாது.”

“நான் சொல்றேன் அவருக்கிட்ட, இதைப் பிடிக்கக் கூடாது மாமான்னு.”

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பதில் தெரியாமல் இல்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

*

வியாழக்கிழமை மாட்டிய பலகை வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு விழுந்தது. யாரும் தொடவில்லை. மேலே தண்ணீர் பாட்டில் ஒன்று மட்டும் இருந்தது. பிளக்குக்குப் பதிலாகத் துணித்துண்டைப் பசையில் நனைத்து ஓட்டையில் அடைத்து, அதில் திருகாணியை முடுக்கியிருந்தார். கோட்டுக்குத் தோளில் வைக்கும் தடித்த துணி. நல்ல துணி.

சாயங்காலம் அவள் வந்தபோது பலகை கட்டிலின் மேல் படுத்திருந்தது. தையல்காரர் முன்னறையில் மெஷினில் உட்கார்ந்து ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“விழுந்துடுச்சா?”

“இறங்கிடுச்சு.”

“கிளம்புங்க.”

“எங்க?”

“ஹார்டுவேர் கடைக்கு.”

“எனக்கு வேலை இருக்கு.”

“எனக்கும்தான் இருந்துச்சு. காலையிலேருந்து பதினாலு பேரைத் தூக்கி நிறுத்திட்டு வந்திருக்கேன். எழுந்திருங்க.”

ஹார்டுவேர் கடைக்காரரைத் தெருவில் இஞ்சு என்பார்கள். குழாய் கேட்டாலும் கயிறு கேட்டாலும் “எத்தனை இஞ்சு?” என்றுதான் ஆரம்பிப்பார். சுவரில் ஒட்டும் பசை கேட்டவரிடமும் ஒருமுறை கேட்டாராம். தையல்காரரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வாங்க மாஸ்டர். மறுபடியுமா?”

“பிளக் வேணும். கொஞ்சம் பெரிசா.”

“எத்தனை இஞ்சு?”

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். ஓட்டையின் அளவைக் காட்ட அதில் சாக்குக்கட்டியால் வட்டம் வரைந்திருந்தார். இஞ்சு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இது பித்தான் ஓட்டையா?”

“சுவரு.”

“இதுல பூனை போயிட்டு வருமே.”

“பிளக் இருக்கா இல்லையா?”

“என்ன சுவரு? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா?”

“சுவரு சுவருதான்.”

“தட்டிப் பாத்தீங்களா?”

“யாரு வீட்ல இருக்காங்கன்னு தட்டணும்?”

அவள் குறுக்கே வந்தாள். “பிளக்கைப் போட்டேன், உள்ள விழுந்துடுச்சு. கீழ விழுற சத்தம் கேட்டுது.”

“அப்படிச் சொல்லுங்கம்மா. ஹாலோ பிளாக். கல்லுக்குள்ள வெறும் காத்து. சாதா பிளக் அதுல நிக்காது. இதைப் பாருங்க.” இஞ்சு ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். “உள்ள போனதும் குடை மாதிரி விரிஞ்சுக்கும். இழுத்தா வராது. ஆனா இதுக்கு ஓட்டை அளவா இருக்கணும். உங்க பழைய ஓட்டை ஆகாது. தள்ளிப் போடுங்க. தள்ளிப் போடும்போது சுவிட்சுக்கு நேர் மேல, நேர் கீழ போடாதீங்க. வயர் அந்தக் கோட்டுலதான் போகும். பட்டைக்கு ரெண்டு திருகாணி பத்தாது, மூணா போடுங்க. நேரா இருக்கான்னு பாக்க ரசமட்டம் இருக்கா வீட்ல?”

“என் கண்ணு இருக்கு,” என்றார் தையல்காரர்.

“கண்ணு இருந்துதான் இந்த வட்டம் வரைஞ்சீங்களா?”

கடையில் நின்ற இன்னொருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. தையல்காரர் குடை பிளக்கை வாங்கிக்கொண்டார். ரசமட்டத்தை வாங்கவில்லை. அவள் எடுத்து வைத்ததையும் திருப்பி அலமாரியில் வைத்தார்.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

“அவன் போட்டிருந்த சட்டையைப் பாத்தியா? தோள் ரெண்டும் ஒரு பக்கமா தொங்குது. அவன் எனக்கு மட்டம் சொல்றான்.”

*

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வந்தாள். வீடு நிசப்தமாக இருந்தது. மெஷின் ஓடவில்லை. ரேடியோ பாடவில்லை. மின்விசிறி இறக்கையை விரித்தபடி சும்மா நின்றது. தையல்காரர் சமையலறையில் நின்று ரொட்டியை வெறுமனே தின்றுகொண்டிருந்தார். வேர்வையில் பனியன் ஒட்டியிருந்தது.

“கரன்ட் இல்லையா?”

“தெருவுல இருக்கு.”

அவள் பின்னறைக்குப் போனாள். புது ஓட்டை சுவிட்சுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நூல் பிடித்ததுபோல நேர் மேலே. ஓட்டையைச் சுற்றிக் கருப்பாகப் புகை படிந்திருந்தது.

“அவரு என்ன சொன்னாரு? சுவிட்சுக்கு நேர் மேல போடாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?”

“கொஞ்சம் தள்ளித்தான் போட்டேன்.”

“எவ்வளவு?”

“அரை இஞ்சு.”

“கையில என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“காட்டுங்க.”

“சும்மா சுர்ருன்னுச்சு. அவ்வளவுதான்.”

அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்நுனி சிவந்திருந்தது. ஊசி குத்தாமலிருக்க அந்த விரலில்தான் அங்குஸ்தான் போடுவார். அவளுக்கு முதலில் பயம் வந்தது. பயத்தின் பின்னாலேயே கோபம் வந்தது. பயத்தைக் காட்ட நேரமில்லாததால் கோபத்தைக் காட்டினாள்.

“ரேடியோ வைக்கறதுக்கு முன்னாடி உங்க போட்டோவை வைக்க வேண்டி வந்திருக்கும். அதுக்கும் இந்தப் பலகை தாங்காது.”

அவர் சிரிக்கவில்லை. ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் மூன்று மணிக்கு வந்தார். சுவரை ஒரு முழம் கொத்தித் திறந்தார். அறுந்த வயரை இணைத்தார். போகும்போது, “நல்ல குறி மாஸ்டர். நான் தேடியிருந்தாக்கூட இவ்வளவு கரெக்டா வயரைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்,” என்றார்.

அதற்குள் சுவர் பார்க்கச் சகிக்கவில்லை. இடது பக்கம் தோண்டிய பள்ளம். நடுவே பழைய நாலு ஓட்டை. வலது பக்கம் ஜன்னல். பலகைக்கு வேறு இடம் இல்லை. அவள் போனில் ஆள் தேடினாள். ஒருவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு, “இதை யாரும்மா பண்ணது?” என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் பழைய ஓட்டைகளுக்கே போனார்கள். எலக்ட்ரீஷியன் மிச்சம் வைத்துப் போன சிமென்டைக் குழைத்து, கீழ் ஓட்டைகள் இரண்டிலும் தையல்காரர் அடைத்தார். சிமென்டு ஈரமாக இருக்கும்போதே குடை பிளக்கைச் செருகினார். மேலே இருந்த இரண்டையும் மூடிப் பள்ளத்தையும் பூசினார். பூசுவதில் கை சுத்தம். இஸ்திரி போட்டதுபோல இருந்தது.

“எவ்வளவு நேரம் காயணும்?”

“இருபத்து நாலு மணி நேரம்னு பையில போட்டிருக்கு.”

“இப்ப மணி ஆறு. அண்ணன் நாளைக்கு நாலு மணிக்கு வந்துடுவான்.”

“ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன.”

அந்தச் சாயங்காலம்தான் மழை பிடித்தது. இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துக் கொட்டியது. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. துவைத்த துணிகூடக் காயாத ஈரம்.

ஞாயிறு காலையில் அவர் பட்டையை முடுக்கிப் பலகையைச் செருகினார். ஜன்னலின் கீழ்ச்சட்டத்தோடு கோடு சேர்த்து வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் படுக்க வைத்தாள். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, ஓரத்தில் விழுந்தது.

“சரிவா இருக்கு.”

“ஜன்னல் சரிவா இருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கேன். ஆளுக்குத் தோள் கோணலா இருந்தா சட்டையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் தைக்கணும். நேராத் தைச்சா கோணல் தெரியும்.”

“அப்பாவுக்கு ஜன்னல் பாக்கிற வேலை இல்லை.”

“அதான் சொல்றேன். அவருக்குத் தெரியவா போகுது?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அவள் பாட்டிலைக் குனிந்து எடுத்தாள். துடைத்தாள். கட்டிலின் மேல் வைத்தாள்.

“விழுந்தா சத்தம் கேக்கும்,” என்றாள். “காது நல்லாத்தான் இருக்கு.”

அவர் பலகையை உருவி, பட்டையின் ஒரு பக்கம் அட்டைத்துண்டை மடித்து வைத்து மறுபடி முடுக்கினார். பாட்டில் நின்றது. அவள் பலகையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். நூலளவு இறங்கி, மறுபடி வந்தது.

“ஆடுது.”

“காயலை. தொடாதே. பெரியவரு வர்றப்ப ரேடியோ, பாட்டில், டப்பா மட்டும் வைப்போம். நாளைக்கு எல்லாம் இறுகிடும்.”

*

நாலு மணிக்குக் கார் வந்து நின்றது. அண்ணன் குடையை விரித்துக்கொண்டு இறங்கினான். பின்கதவைத் திறந்து, அப்பாவின் தலையில் கை வைத்து, இடிக்காமல் இறக்கினான். அதை அவள் பார்த்தாள். அவனும் எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தான்.

“பாப்பா,” என்றார் அப்பா, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. “இவன் ரெண்டாவது கியரை விட்டு மேல போகவே இல்லை. இது பஸ்ஸா இருந்தா பாதி வழியில இறங்கி நடந்திருப்பேன்.”

“மழைப்பா,” என்றான் அண்ணன்.

“மழைக்கு வைப்பர் இருக்கு. கியரை ஏன் பிடிச்சுத் தொங்கறே?”

வாசலிலிருந்து பின்னறைக்குப் பதினாறு அடி. அவள் எண்ணிச் சொன்னாள். அவரும் கூடவே எண்ணினார். கட்டிலில் உட்கார வைத்தாள். கால் தரையில் முழுசாகப் பதிந்தது. கட்டிலின் உயரத்தை அவள் அப்படித்தான் பார்த்து வைத்திருந்தாள்.

அண்ணன் அறைக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான். தரையைப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து மூடினான். குளியலறைக்குப் போகிற தூரத்தை எட்டு வைத்துப் பார்த்தான்.

“பரவாயில்லையே. கீழ இடறுற மாதிரி ஒண்ணுமில்லை.”

“அதுக்குத்தான் மச்சான் ஷெல்ஃபைச் சுவத்துல ஏத்திட்டோம்,” என்றார் தையல்காரர்.

“நீங்களா மாட்டினீங்க மாப்ளே?”

“பின்ன?”

அண்ணன் பலகையைக் கண்ணால் தடவினான். மேலே ரேடியோ இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா. எல்லாம் ஒழுங்காக நின்றன. அவன் முகம் இளகியதை அவள் பார்த்தாள். அவன் களைத்துப் போயிருந்தான். அவனுக்கும் இந்த அறை சரியாக இருந்துவிட வேண்டும் என்றிருந்தது.

“சரி, பாப்பா. உன் இஷ்டம். நான் போய் அப்பா பெட்டியை எடுத்துட்டு வர்றேன். விடுதிக்காரங்களுக்குக் காலையில போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

தையல்காரர் அவளைப் பார்த்தார். ‘பாத்தியா’ என்கிற பார்வை.

அப்பாவின் கை அதற்குள் சுவரைத் தேடிப் போயிருந்தது. விரல்கள் பூச்சில் ஊர்ந்தன. பலகையின் ஓரத்தைத் தொட்டன. அங்கே நின்றன. பிறகு உள்ளங்கை முழுசாக அதன் மேல் ஏறியது.

“இது என்ன?”

“ஷெல்ஃபுப்பா.”

“நல்ல உயரத்துல வச்சிருக்கீங்க. பிடிச்சுக்கலாம்.” அவர் காலைப் பின்னால் இழுத்து ஊன்றினார். “பாத்ரூம் எந்தப் பக்கம்?”

“பிடிக்கக் கூடாது மாமா, அது ரேடியோ வைக்க...” என்றார் தையல்காரர்.

அப்பா கையை எடுக்கவில்லை. காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எழப்போகிறவருக்கு விழாது. அவள் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

“அப்பா, உக்காருங்க.” அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மடியில் வைத்தாள். ரேடியோவை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள். பாட்டிலையும் டப்பாவையும் கட்டிலில் போட்டாள். பிறகு பலகையின் முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதன் ஓரத்தில் வைத்தாள்.

“என்னம்மா பண்றே?” என்றார் தையல்காரர். “ஏய். இன்னும் ரெண்டு மணி நேரம்...”

புது ஊன்றுகோலை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் சாய்ந்து பார்ப்பதுபோல, உடம்பின் மொத்தக் கனத்தையும் கையில் இறக்கினாள்.

பலகை ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. பட்டை, திருகாணி, குடை பிளக், அட்டைத்துண்டு, ஈர சிமென்டு, ஒரு தட்டு அளவுக்குப் பூச்சு எல்லாம் சேர்ந்து வந்தன. அவள் முட்டி தரையில் இடித்தது. பலகை கட்டில் காலில் மோதிக் கவிழ்ந்தது. தூசி அடங்கியபோது சுவரில் ஒரு தலை நுழைகிற பள்ளம் இருந்தது. உள்ளே வியாழக்கிழமை விழுந்த பிளக் கிடந்தது.

“யாரு விழுந்தது?” என்றார் அப்பா.

“யாரும் விழலைப்பா. ஷெல்ஃபுதான்.”

“தானாவா?”

“நான் இழுத்தேன்.”

அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இதுக்குத்தான் நான் சொன்னேன். இதுக்குத்தான். ஒரு பலகை. ஒரே ஒரு பலகை. அதை ஒழுங்கா மாட்டத் தெரியலை, இவங்க அப்பாவைப் பாத்துக்கறாங்களாம். மாப்ளே, இது என்ன சுவரா, சல்லடையா?”

“காயலை மச்சான். இருபத்து நாலு மணி நேரம் ஆகணும்.”

“அவரு எழுந்திருக்கறதுக்கு மணி பாப்பாரா?”

“அதைத்தான் நான் நாலு நாளாச் சொல்றேன்,” என்றாள் அவள் தரையிலிருந்து. முட்டி எரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் முறைத்தாள். “இவருக்கும் புரியலை. உனக்குப் பாத்த உடனே பிடிச்சுப் போச்சு. தொட்டுக்கூடப் பாக்கலை.”

“நான் எதுக்குத் தொடணும்? நல்லா இருக்குன்னு நினைச்சேன்.”

“எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் நினைக்கிறீங்க.”

“போதும். நான் அவரைக் கூட்டிட்டே போறேன். அங்க ஆளுங்க இருக்காங்க. கட்டில் பக்கத்துல தேக்குல ஸ்டாண்டு போட்டிருக்காங்க. பாலிஷ் பண்ணி, முகம் பாக்கலாம் அதுல.”

“டேய்,” என்றார் அப்பா.

“என்னப்பா?”

“அந்த ஸ்டாண்டை இழுத்துப் பாத்தியா?”

“என்னது?”

“விடுதியில. ஸ்டாண்டை. பிடிச்சு இழுத்துப் பாத்தியா?”

“அதை ஏம்ப்பா நான் இழுக்கணும்?”

அப்பா மடியிலிருந்த ரேடியோவின் குமிழைத் திருகினார். அது பாடவில்லை. திருகிக்கொண்டே இருந்தார்.

“பெட்டியை எடுத்துட்டு வர்றேன்னு நீ சொல்லிட்டே. இவ வாயை மூடிட்டு நின்னிருந்தா காரியம் முடிஞ்சுது. அப்படியும் இழுத்துப் பாத்திருக்கா.”

  தையல்காரர் குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த அட்டைத்துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அளவு தப்பு,” என்றார். யாரிடமும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் அவர் வாயில் கேட்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பாள்.

அண்ணன் அறைக்குள் வந்தான். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. ஜன்னல் கம்பியை இழுத்தான். அசையவில்லை. கதவின் கைப்பிடியை இழுத்தான். பிறகு குளியலறைக்குப் போனான். குழாயைப் பிடித்து ஆட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ‘கடக்’ என்று ஒரு சத்தம். 

வெளியே வந்தபோது அவன் கையில் துண்டு தொங்கவிடும் கம்பி இருந்தது. இரண்டு முனையிலும் திருகாணியோடு, துண்டோடு.

“இதுவும் நீங்கதானா மாப்ளே?”

“அது மூணு வருஷம் நின்னுச்சு மச்சான்,” என்றார் தையல்காரர், நியாயம் கேட்கிற குரலில். “யாரும் இழுக்கலை.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. ரேடியோ மடியில் குலுங்கியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, துடைப்பத்தைத் தேடினாள்.

அண்ணன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“இங்க ஹார்டுவேர் கடை எதுவும் திறந்திருக்குமா?”

“ஆறு மணி வரைக்கும் இருக்கும். ஆனா அந்தாளு ஒரு மாதிரி. வாயைக் கிளறுவான்.”

“நீங்க பேச வேண்டாம். நான் பேசிக்கறேன். செருப்பைப் போடுங்க.”

“ரசமட்டமும் வாங்கிட்டு வாங்க,” என்றாள் அவள் சுவரைப் பார்த்தபடி. “ஆளு செவ்வாக்கிழமை வர்றாரு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் சுவத்துல கை வைக்கக் கூடாது. சாமானை மட்டும் வாங்கிட்டு வந்து வைங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் அப்பாவை எழுப்ப நான் லீவு போட்டுக்கறேன்.”

இரண்டு பேரும் ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு வாசலில் இறங்கினார்கள். குடையை யார் பிடிப்பது என்று அதற்குள் தகராறு வந்துவிட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். பஸ்ஸின் பின்பக்கம் வரை கேட்க வைத்த குரல் அது.

“டேய்! பெட்டியை இறக்கி வச்சிட்டுப் போடா!”